பாபநாசம் வழியாகப் போன பையன்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு பாசஞ்சரில் போயிருக்கீங்களா? ரெண்டு பக்கமும் வயல், நடுவுல பாபநாசம் ஸ்டேஷன். சனிக்கிழமை ஊருக்குப் போற டெல்டா பசங்களுக்கு அந்தப் பாதை அத்துப்படி.

1896 ஆகஸ்ட் 29. பதினாறு வயசுப் பையன் ஒருத்தன் மதுரையில் ரயில் ஏறினான். விருத்தாசலம் வழியா போற கார்டு லைன் அப்போ கிடையாது. விழுப்புரம் போகணும்னா தஞ்சாவூர், பாபநாசம், கும்பகோணம்னு சுத்தித்தான் போகணும். அண்ணனோட காலேஜ் ஃபீஸில் மூணு ரூபாயை எடுத்துக்கிட்டு, ஒரு கடிதம் எழுதி வச்சிட்டு வீட்டை விட்டுக் கிளம்பிய பையன். பேர் வேங்கடராமன். உங்களுக்கு அவரை ரமண மகரிஷியாகத் தெரியும்.

1879 டிசம்பர் 30-ல் திருச்சுழியில் பிறந்தவர். பன்னிரண்டு வயசில் அப்பா இறந்துட்டார். மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படிச்சார். 1896 ஜூலையில் ஒருநாள் திடீர்னு மரண பயம். ஓடி ஒளியாமல் பிணம் மாதிரி படுத்து, சாவது எதுன்னு தனக்குள்ளேயே தேடிப் பார்த்தார். ஆறு வாரத்தில் அந்த ரயில் பயணம். செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை வந்தவர், அடுத்த 53 வருஷமும் அந்த மலையடியை விட்டு நகரவே இல்லை.

அந்த மரணம் நிஜமாக வந்தது ஒரு சின்னக் கட்டியாக. 1948 கடைசியில் இடது முழங்கைப் பக்கம் தெரிந்தது. 1949 பிப்ரவரியில் அறுத்து எடுத்தாங்க. ஒரே மாசத்தில் திரும்ப வந்தது. சோதித்ததில் சார்கோமா என்று தெரிந்தது.

சார்கோமான்னா என்ன? தசை, கொழுப்பு, நரம்பு, இணைப்புத் திசு இவற்றில் கிளம்புற புற்றுநோய். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்றுதான் இது. வளரும்போது பக்கத்துத் திசுவை அமுக்கித் தள்ளி, தன்னைச் சுத்தி ஒரு உறை மாதிரி செஞ்சுக்கும். கட்டியை மட்டும் எடுத்தால் சுத்தமா வந்த மாதிரி இருக்கும். ஆனால் அந்த உறையிலும் அதைத் தாண்டியும் செல்கள் மிச்சம் இருக்கும். அதனால்தான் திரும்ப வருது. ரத்தம் வழியா பரவினால் பெரும்பாலும் போய்ச் சேர்வது நுரையீரலுக்கு.

மார்ச்சில் இரண்டாவது அறுவை, பிறகு ரேடியம் சிகிச்சை. கையையே எடுத்துவிடலாம்னு டாக்டர்கள் சொன்னாங்க. அவர் சம்மதிக்கலை. ஆகஸ்டில் மூணாவது, டிசம்பரில் நாலாவது. கட்டி தோள் பக்கம் ஏறியது. ரத்தக்கசிவு, ரத்தச்சோகை. அப்பவும் பார்க்க வந்தவங்களைத் திருப்பி அனுப்ப விடலை. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு மூச்சு நின்றது. வயசு 70.

இன்றைக்கு என்றால்? ஒரே இடத்தில் இருக்கும்போதே கண்டுபிடிச்சா, ஐந்து வருஷம் தாண்டுபவர்கள் ஐந்தில் நாலு பேர். தூரத்துக்குப் பரவிட்டா, ஆறில் ஒருத்தர் அளவுதான். இது அமெரிக்கக் கணக்கு. கட்டியின் அளவு, ஆழம், செல்களின் வேகம் இதெல்லாம் சேர்ந்துதான் ஒருவரின் நிலையை முடிவு செய்யும். கட்டியைச் சுற்றியுள்ள நல்ல திசுவோடு சேர்த்து எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்தால், கையை வெட்டினவங்க அளவுக்கே உயிர் பிழைக்கலாம்னு 1982-ல் ஓர் ஆய்வு காட்டியது. ரமணர் காலத்தில் அந்த வழி தெளிவாகலை. சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டே 1954-ல்தான் ஆரம்பிச்சது.

அவர் பயப்படலை என்பதை மட்டும் எடுத்துக்கிட்டு நாம சும்மா இருந்துடக் கூடாது. சாவுக்கு அஞ்சாத அந்த மனுஷனும் நாலு தடவை டாக்டர் முன்னாடி கையை நீட்டினார். நம்மகிட்ட வலி இல்லை, செமஸ்டர் முடியட்டும்னு சொல்லத்தான் வாய் வருது. சார்கோமா ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. உங்க உடம்பில் ஒரு கட்டி வளர்ந்துக்கிட்டே இருக்கா, ஆழமா இருக்கா, ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிடுச்சா, எடுத்த இடத்திலேயே திரும்ப வந்திருக்கா? நிறைய கட்டி வெறும் கொழுப்புக் கட்டிதான். ஆனாலும் ஸ்கேன் எடுத்து, பயாப்ஸி பார்த்துட்டு, அப்புறம் கத்தி வைக்கச் சொல்லுங்க. முதல் அறுவை சரியா அமையறதுதான் முக்கியம்.

அடுத்த தடவை பாபநாசத்தைத் தாண்டும்போது அந்தப் பையனை நினைச்சுக்கோங்க. அப்படியே கையையும் ஒரு தடவை தடவிப் பாருங்க.