கிரெச்சோவில் ஓர் இரவு

டிசம்பர் பிறந்தாலே நம்மைப் பரபரப்புத் தொற்றிக்கொள்கிறது. புத்தாடை, கேக், பலகாரம், நட்சத்திரம், பாடற்பவனி, வரவிருக்கும் உறவினர்கள், வாங்கப்போகும் கடன் என்று பட்டியல் நீள்கிறது. பங்குப் பணியாளர்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்ல. குடிலுக்கு எத்தனை சீரியல் விளக்கு என்று தொடங்கும் பேச்சு, அன்பியங்களுக்கிடையே மனத்தாங்கலில் முடிந்ததையும் கண்டிருக்கிறோம். நாம் குடில் கட்டும் வழக்கத்துக்கு வித்திட்ட அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், எந்த மனநிலையில் அதை அமைத்தார் என்று இந்தத் திருவருகைக் காலத்தில் எண்ணிப் பார்ப்போம்.

ஆண்டு 1223. அவருக்கு வயது நாற்பதைச் சற்றே தாண்டியிருந்தது. செல்வமிக்க துணி வணிகரின் மகன், எல்லாவற்றையும் துறந்தவர். ஒரு சிலரோடு தொடங்கிய சபை ஆயிரக்கணக்கானோராய்ப் பெருகியிருந்தது. அந்த வளர்ச்சியே அவருக்குச் சுமையாயிற்று. ஏழ்மையை எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிப்பது என்பதில் சகோதரர்களுக்குள் பிளவு. 1220-லேயே தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். எகிப்துக்குப் போய் வந்தபின் கண்நோய் வாட்டியது. சபையின் ஒழுங்குகளை எழுதி, திருத்தி, மீண்டும் எழுதி, ஒருவழியாக 1223 நவம்பர் 29 அன்றுதான் திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் அவற்றுக்கு ஒப்புதல் அளித்தார். இப்படிக் களைத்துப்போன மனிதர் அந்தக் கிறிஸ்து பிறப்புக்குக் கிரெச்சோ என்னும் சிறிய மலையூருக்கு வந்தார்.

பெருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அவ்வூரில் தமக்கு நண்பரான யோவான் என்பவரை அழைத்து ஓர் உதவி கேட்டார். பெத்லகேமில் பாலன் பட்ட வறுமையைக் கண்ணால் காண வேண்டும். ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை போதும் என்றார். அவ்வளவுதான்! மரியா, சூசை சுரூபங்கள் இருந்ததாக, முதன்முதலில் அவர் வரலாற்றை எழுதிய செலானோ தோமா குறிப்பிடவே இல்லை. ஊர் மக்கள் மெழுகுதிரிகளும் தீப்பந்தங்களும் ஏந்தி இருளில் மலையேறி வந்தார்கள். பல இடங்களிலிருந்து சகோதரர்களும் வந்தார்கள். தீவனத் தொட்டியின்மேல் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. திருத்தொண்டராயிருந்த பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி, மறையுரை ஆற்றினார். பெத்லகேம் என்ற சொல்லை ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் இழுத்துச் சொன்னாராம்! ஒழுங்குகளைப் பற்றி வாதிட்டுக் களைத்த அதே வாய்தான் அது.

எளிமை என்றதும் பட்டினியும் வாடிய முகமும் நம் நினைவுக்கு வரலாம். பிரான்சிஸ் அப்படி எண்ணவில்லை. கிறிஸ்து பிறப்பு வெள்ளிக்கிழமையில் வந்தபோது, புலால் தவிர்ப்பதா என்று கேட்ட சகோதரரைக் கடிந்துகொண்டார். அன்று சுவர்கள்கூட இறைச்சி உண்ண வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த நாளில் ஏழைகள் வயிறார உண்ண வேண்டும், மாடுகளுக்கும் கழுதைகளுக்கும் கூடுதல் தீவனம் வேண்டும், பறவைகளுக்காக வழியெங்கும் தானியம் தூவ வேண்டும் என்று ஆசைப்பட்டார். எதுவும் வேண்டாம் என்றவர்தான். ஆனால் அவருக்கு எல்லாரும் வேண்டியிருந்தது.

அவருடைய இறுதி நாள்களிலும் இதைக் காண்கிறோம். 1226-ல் அசிசிக்கு அருகே மரணப் படுக்கையில் இருந்தபோது, உரோமையிலிருந்த யாக்கோபா என்னும் கைம்பெண்ணுக்குக் கடிதம் எழுதச் சொன்னார். தம் உடலைப் போர்த்தத் துணியும், மெழுகுதிரிகளும் கேட்டார். கூடவே, முன்பு உரோமையில் தாம் நோயுற்றிருந்தபோது அவர் செய்து கொடுத்த பாதாம் இனிப்பையும் கேட்டார். வாழ்நாளெல்லாம் நோன்பிருந்தவர் கேட்டது அது! கடிதம் புறப்படும் முன்பே யாக்கோபா அவை அனைத்தோடும் வாசலில் வந்து நின்றார். பெண்கள் நுழையக் கூடாத இடம். அந்த விதி சகோதரர் யாக்கோபாவுக்கு இல்லை என்று சொல்லி உள்ளே அழைத்துவரச் செய்தார் பிரான்சிஸ். இனிப்பில் சிறிதளவே அவரால் சுவைக்க முடிந்தது. அக்டோபர் 3 மாலையில் அவர் இறைவனடி சேர்ந்தபோது, யாக்கோபா அங்கேதான் இருந்தார்.