நாகூர் தந்த நாவலாசிரியை சித்தி ஜுனைதா பேகம்

பெண் எழுத்தாளர்களுக்கெனச் சிறுகதைப் போட்டி அறிவிக்கப்படும் போதெல்லாம் நம் கேமரன் மலையிலும் அதைப்பற்றிச் சிறிது பேச்சு எழுவதுண்டு. தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் கடை நடத்தும் நம்மவர் இல்லங்களில், கதை எழுதும் ஆசையும் ஆற்றலும் உள்ள பெண்மக்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். தோட்டத்து லயங்களிலும் இருக்கிறார்கள். ஆயினும் எழுதிய கதை தபாலுக்குப் போவதற்கு முன் மூன்று தடைகள் குறுக்கே வந்து நிற்கின்றன. படிப்புப் போதாது என்பது ஒன்று. நம் வீட்டுப் பெண்ணின் பெயர் அச்சில் வரலாமா என்பது இரண்டு. பிள்ளைகளையும் அடுப்பையும் விட்டு எழுத நேரமேது என்பது மூன்று. இம்மூன்று தடைகளையும் தாண்டிக் காட்டிய ஒரு முஸ்லிம் பெண்மணியின் வாழ்க்கையை வாசகர்களுக்கு எடுத்துரைப்பது நலமென்று கருதுகிறோம்.

அப்பெண்மணியின் பெயர் சித்தி ஜுனைதா பேகம். பிறந்த ஊர் நாகூர். நாகூர் நமக்கு அந்நியமான ஊரன்று. நாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கிய நம் முன்னோர் எத்தனையோ பேர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூரின் பெயரால் தர்கா கட்டி வைத்தவர்களும் அவர்களே. அங்கிருந்து மலாய் நாட்டுக்கு ஆண்கள் சரக்கோடு வந்தார்கள். பெண்கள் வீட்டின் உள்ளேயே இருந்தார்கள். அத்தகைய ஊரில் 1917-ஆம் ஆண்டில் அம்மையார் பிறந்தார்.

பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது மூன்றாம் வகுப்பு வரையில்தான். அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே நிக்காஹ் நடந்தது. இளமையிலேயே கணவரையும் இழந்தார். இந்நிலைக்கு ஆளான பெண்ணுக்கு அந்நாளைய சமூகம் வகுத்து வைத்திருந்த வாழ்வு, மூலையில் அமர்ந்து கண்ணீர் வடிப்பது ஒன்றே. அம்மையாரோ புத்தகத்தைக் கையில் எடுத்தார். வீட்டிலிருந்தபடியே படித்துப் படித்துத் தமிழை வளர்த்துக் கொண்டார். அவருடைய சகோதரர் முனவ்வர் பெய்க் பத்திரிகைத் துறையில் ஈடுபட்டவர். ஆகவே எழுத்தும் அச்சும் அக்குடும்பத்துக்குப் புதியனவல்ல. ஆனால் அக்குடும்பத்துப் பெண் ஒருவர் தம் பெயரிலேயே கதை எழுதி வெளியிடுவது ஊருக்கு முற்றிலும் புதிது.

1938-ஆம் ஆண்டில் அம்மையாரின் ‘காதலா? கடமையா?’ என்னும் நாவல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது சுமார் 21. தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்மணி என்று இன்று அவரைப் போற்றுகிறார்கள். அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் யார் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தேடிச் சங்க நூல்களை அச்சேற்றிய மகாமகோபாத்தியாய டாக்டர் உ.வே. சாமிநாதையர் அவர்களே அம்முன்னுரையை எழுதினார். 1855-ஆம் ஆண்டில் பிறந்த அப்பெரியார் அப்போது எண்பதைத் தாண்டிய முதியவர். தமிழ் கூறும் நல்லுலகில் அவரை மிஞ்சிய புலவர் அன்று இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட நாகூர்ப் பெண்ணின் எழுத்து அவர் மேசைக்குச் சென்றது, மதிப்பும் பெற்றது. எழுதியவரின் படிப்பையோ குலத்தையோ பாராமல் எழுத்தைப் பார்த்த பெருந்தன்மையை நாம் எக்காலமும் நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு முஸ்லிம் பெண்ணின் பெயர் நாவலின் அட்டையில் வருவதை அந்நாளில் எல்லோரும் விரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. அம்மையார் அதற்காகப் புனைபெயருக்குள் ஒளிந்து கொள்ளவுமில்லை, எழுதுவதை நிறுத்தவுமில்லை. ‘செண்பகவல்லி தேவி’, ‘மகிழம்பூ’ முதலிய கதைகளை எழுதினார். ‘இஸ்லாமும் பெண்களும்’ என்று மார்க்கம் தழுவிய நூலும் எழுதினார். மார்க்கப் பற்றும் கதை எழுதும் கையும் ஒரே பெண்ணிடம் இருக்கலாம் என்பதற்கு அவர் நூல்களே சான்று. 1998-ஆம் ஆண்டில் அம்மையார் இவ்வுலகை நீத்தார். அல்லாஹ் அவரைப் பொருந்திக் கொள்வானாக.

இது நாகூரில் மட்டும் நடந்த அதிசயமன்று. வங்காளத்தில் பேகம் ரொக்கையா என்றொரு பெண்மணி இருந்தார். 1880-இல் பிறந்து 1932-இல் மறைந்தவர். வீட்டார் உறங்கிய பின் விளக்கொளியில் அவருக்கு ஆங்கிலமும் வங்காளமும் கற்றுக் கொடுத்தவர் அவருடைய தமையனார். பிறகு எழுதத் தூண்டியவர் அவருடைய கணவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்னும் கதை 1905-ஆம் ஆண்டில் நம் சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு மாதர் பத்திரிகையில்தான் முதலில் பிரசுரமாயிற்று. அவர் நிறுவிய பெண்கள் பள்ளி 1911 முதல் கல்கத்தாவில் நடைபெறலாயிற்று.

இவ்விரு வரலாறுகளிலிருந்தும் வியாபாரிகளாகிய நாம் தெரிந்து கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. திறமை பெண்ணுடையது, அது வெளியே வரும் வழியில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்களாகிய நாம். அண்ணனாகவோ கணவனாகவோ வழி விட்டவர்கள் இருந்த வீட்டில் எழுத்து வளர்ந்தது. வழி மறித்த வீடுகளில் எத்தனை கதைகள் அடுப்புச் சாம்பலாயின என்பதற்குக் கணக்கே இல்லை. பேரேட்டில் ஒரு காசு விடுபட்டாலும் இரவெல்லாம் கண்விழித்துத் தேடுகிற நாம் இந்த நஷ்டத்தை மட்டும் எழுதி வைப்பதேயில்லை.

எழுதுவதற்குப் பொருள் இல்லையென்றும் சொல்ல முடியாது. பனிமூட்டத்தில் கொழுந்து பறிக்கப் போன தாய்மார்களின் வாழ்வும், லயத்தில் பிறந்து பட்டணம் போன பிள்ளைகளின் கதையும், கணவன் கடல் கடந்திருக்க ஊரில் தனித்திருந்த நம் பாட்டிமார்களின் மனமும் இன்னும் முழுதாக எழுதப்படவில்லை. அவற்றை ஆண்கள் எழுதுவதைவிடப் பெண்கள் எழுதினால் உண்மை துலங்கும்.

ஆகவே அடுத்த போட்டி அறிவிப்பு வரும்போது அதைக் கத்தரித்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்போம். விதிகளைப் படித்துச் சொல்வோம். இரவில் ஒரு மணி நேரம் பிள்ளைகளை நாம் பார்த்துக் கொள்வோம். கதை முடிந்ததும் அவர்கள் தம் சொந்தப் பெயரை எழுதி ஒட்டிய உறையைத் தபாலில் சேர்த்துவிட்டுக் கடைக்குப் போவோம். பரிசு கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் நடுவர் கையில் உள்ளது. உறை வீட்டை விட்டுப் புறப்படுவது நம் கையில் உள்ளது.