வானலையில் ராஜீவ் காந்தி

ஸ்ரீபெரும்புதூர் என்னும் பெயரைக் கேட்டவுடன் இராமாநுசர் அவதரித்த தலம் என்பது வைணவர் நெஞ்சில் எழும். ஏனையோர்க்கோ 1991-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாளிரவே நினைவிற்கு வரும். அவ்விரவு ஆண்டு உயிர்நீத்த ராஜீவ் காந்தியைப் பிரதம மந்திரியாக உலகம் அறியும். அவர் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியில் பெருவிருப்புடையவர் என்பதைச் சிலரே அறிவர். அதனையே யாம் ஈண்டு உரைக்கப் புகுந்தோம்.

அன்னார் 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் பம்பாயில், பெரோஸ் காந்திக்கும் இந்திராவுக்கும் தலைமகனாகப் பிறந்தார். டூன் பள்ளியிற் பயின்றபின் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியிலும், லண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் பொறியியல் கற்கச் சென்றார். இரண்டிடத்தும் பட்டம் பெற்றாரில்லை. தேர்வு நெருங்குங்கால் உறக்கமிழக்கும் எம்மனோர்க்கு இச்செய்தி சிறிது ஆறுதலே. ஆசிரியன்மார் இதனை விரும்பார்! 1968-இல் சோனியாவை மணந்து, பின்னர் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானியாகப் பணிபுரிந்தார். கருவிகளோடு வாழ்வதே அவர்க்கு இனிதாயிருந்தது. 1980-இல் தம்பி சஞ்சய் விமான விபத்தில் மாண்டிராவிடின் அவர் அரசியலுக்கு வந்திருப்பாரோ என்பது ஐயமே.

அவருடைய வானொலி அழைப்புக்குறி வீயூ2ஆர்ஜி என்பது. வீயூ என்பது இந்தியாவைக் குறிக்கும். ஈற்றெழுத்துகள் அவர்தம் பெயரின் முதலெழுத்துகளாம். வானலையில் பேச விழைவோர் தேர்வெழுதி உரிமம் பெறுதல் வேண்டும். இக்காலத்தில் நம் நாட்டில் தொடக்க நிலையினர் குறி வீயூ3 என்று தொடங்கும். மேனிலையினர் குறி வீயூ2 என்று தொடங்கும். தொடக்க நிலையினர்க்குக் குறைந்த ஆற்றலே அளிக்கப்படும். அது தண்டனையன்று, பிறர் பேச்சைக் குலைக்காது பேசப் பழகுதற்கே அவ்வரம்பு. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இரண்டு மீட்டர் அலைவரிசை, ஊரளவிலான உரையாடலுக்கு ஏற்றது. 7, 14 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளோ விண்ணிலுள்ள அயனிப் படலத்தால் திருப்பப்பட்டுக் கடல்கடந்தும் செல்வன. வணிகம் பேசலாகாது, மறைமொழியும் கூடாது. மந்திரியாயினும் மாணவனாயினும் ஆங்கு அழைப்புக்குறி ஒன்றே அடையாளம். எங்கும் காவலரும் கூட்டமும் சூழ வாழ்ந்த ஒருவர்க்கு அச்சமநிலை எத்துணை இனித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

1984 அக்டோபர் 31-இல் அன்னை கொலையுண்ட நாளிலேயே, தம் நாற்பதாம் அகவையில், அவர் பிரதமரானார். அவர் ஆட்சிக்காலத்தில் அமெச்சூர் வானொலிக் கருவிகட்கு இறக்குமதிச் சுங்கவரி விலக்கப்பட்டது. அயல்நாட்டுக் கருவியின் விலை கேட்டே மனந்தளர்ந்த இளைஞர் பலர் இத்துறையிற் புகுந்தனர். இச்சிறு செயலைப் பெரிதாகவே யாம் மதிக்கின்றோம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொடர்புகள் அற்றபோது, தற்செயலாய் ஆண்டுச் சென்றிருந்த ஹாம் குழுவினரே உற்றார் செய்தியைப் பெருநிலத்திற்கு உரைத்தனர்.

1987-இல் இலங்கை உடன்படிக்கையில் அவர் கையெழுத்திட்டதும், அதனால் விளைந்த பகையும் யாவரும் அறிந்தனவே. 1989 தேர்தலில் ஆட்சியிழந்தார். மறுதேர்தலில் வாக்குக் கேட்க விசாகப்பட்டினத்தினின்று விமானத்திற் சென்னை வந்து, ஸ்ரீபெரும்புதூர் மேடையை நோக்கி நடக்கையில் வெடிகுண்டுக்கு இரையானார். உடன் மாண்டோர் பலர். அவ்விடத்து எழுப்பிய நினைவிடத்தை 2003-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தார். அதன்பின் சில ஆண்டுகளில் அவ்வூரைச் சூழ்ந்து கைப்பேசித் தொழிற்சாலைகள் எழுந்தன. ஒரகடம் வரை ஆலைகள் நிறைந்தன. உள்ளங்கையில் அடங்கும் வானொலிகள் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில், அவர் வீழ்ந்த மண்ணுக்கு அண்மையிலேயே உருவாகின்றன.