மலையேறும் கால், மண் வாசனை, யானைக்கால் மாத்திரை... யார் இந்த சுப்பாராவ்?

கொடைக்கானல் வட்டக்கானலில் இருந்து டால்பின் நோஸ் தாண்டி இறங்கினால் வெள்ளகவி. ஊருக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்கணும். இறங்குவது ஈஸி, திரும்பி ஏறும்போதுதான் தொடை கதறும். அப்போது தசை செலவழிக்கும் 'காசு'தான் ஏடிபி என்ற மூலக்கூறு. மழையில் அந்தப் பாதையில் எழும் மண் வாசனைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவுக்கும் இதே காசுதான். 1929-ல் ஏடிபியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர், எல்லாபிரகடா சுப்பாராவ்.

1895-ல் அன்றைய சென்னை மாகாணத்து பீமாவரத்தில் பிறந்தவர். மெட்ரிக்கில் தேறியதே மூன்றாவது முயற்சியில், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியின் அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சை அங்கியையே கதரில் போட்டார். பேராசிரியருக்குக் கோபம். எம்பிபிஎஸ் கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்எம்எஸ் சான்றிதழ்தான் கைக்கு வந்தது. மாமனார் உதவியோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர், ஊருக்குத் திரும்பவே இல்லை.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து 1925-ல் பாஸ்பரஸை அளக்கும் முறையை உருவாக்கினார். சுத்த லேப் வேலை மாதிரித் தெரியும். ஆனால் அந்த அளவுகோல்தான் 1927-ல் பாஸ்போகிரியேட்டினையும், பிறகு ஏடிபியையும் காட்டிக்கொடுத்தது. அதே 1929-ல் ஜெர்மனியில் கார்ல் லோமனும் ஏடிபியைக் கண்டுபிடிக்க, பெயர் பெரும்பாலும் அவருக்கே போனது. ஹார்வர்டும் சுப்பாராவை நிரந்தரப் பணியில் வைத்துக்கொள்ளவில்லை.

ஏடிபி வெறும் எரிபொருள் இல்லை. அதன் நுனியில் இருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றி, ஒரு புரதத்தின் மேல் ஒட்டும் நொதிகள் உண்டு. அவைதான் புரத கைனேஸ்கள். பாஸ்பேட் ஒட்டியதும் புரதத்தின் வேலை மாறும், சுவிட்ச் தட்டின மாதிரி. மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸுக்கு உணவு தீர்ந்தால், ஒரு கைனேஸ் முதல் சுவிட்சைத் தட்டும். பாஸ்பேட் கைமாறி, கைமாறி ஸ்போ0ஏ என்ற புரதத்தை எட்டும். போதுமான அளவு சேர்ந்ததும் பாக்டீரியா வளர்வதை விட்டு, வறட்சியைத் தாங்கும் வித்தாக மாறத் தொடங்கும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிளை விடுவதிலும், ஆன்டிபயாடிக் தயாரிப்பதிலும்கூட கைனேஸ்களுக்குப் பங்கு உண்டு.

1940-ல் லெடர்லே நிறுவனத்துக்குப் போனார் சுப்பாராவ். ஸ்ப்ரூ நோய்க்கு அண்ணனைப் பறிகொடுத்தவர் அவர். அந்த நோய்க்கு உதவிய ஃபோலிக் அமிலம் அவர் குழுவின் கையிலேயே உருவானது. நம்மூர் யானைக்கால் நோய்த் தடுப்பில் கொடுக்கப்பட்ட டிஇசி மாத்திரையும் அவர் தலைமையில் வந்ததே. அங்கேயே பெஞ்சமின் டக்கர், மண்ணில் கிடைத்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸில் இருந்து ஆரியோமைசின் ஆன்டிபயாடிக்கைப் பிரித்தார். 1948-ல் அது வெளியுலகுக்கு வந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் இறந்தார். பாக்டீரியாவுக்குள் கைனேஸ்கள் என்ன செய்கின்றன என்பது தெரியவர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அவருக்கு நோபல் இல்லை. இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது 1995-ல்.