ஆட்சி 5 வருஷம்தான்... ஆனா ரூபாய் இன்னும் நிக்குது! யார் இந்த ஷேர் ஷா சூரி?

ஜிபேயில் நாம தினமும் அனுப்புற ரூபாய்க்கு உருவம் கொடுத்தவர் ஷேர் ஷா. இயற்பெயர் ஃபரீத் கான். பீகாரின் சசாராம் ஜாகிர்தார் மகன். 1540-ல் ஹுமாயூனை விரட்டிவிட்டு டெல்லியைப் பிடித்தார்.

அப்போ புழங்கியது வெள்ளியும் செம்பும் கலந்த காசு. அதுல வெள்ளி எவ்வளவுன்னு பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் விலை பேசுறதே சிக்கல். ஷேர் ஷா கலப்பை நிறுத்தினார். பெரிய தொகைக்குச் சுமார் 11.5 கிராம் வெள்ளி ரூபாய். சில்லறைக்குச் செம்புக் காசு.

1545-ல் கலிஞ்சர் கோட்டை முற்றுகையில் வெடிமருந்து வெடித்து இறந்தார். 1555-ல் ஹுமாயூன் திரும்பி வந்து டெல்லியைப் பிடித்தார். ஆனாலும் முகலாயர்கள், கிழக்கிந்தியக் கம்பெனி என எல்லாருமே ரூபாயை விடலை. 1957 ஏப்ரல் 1-ல் 16 அணா போய் 100 நயா பைசா வந்தப்பவும், மாறினது சில்லறைக் கணக்குதான், ரூபாய் இல்லை.