இடைநிற்றலும் சமூகநீதியும்: அம்பேத்கரின் கல்விச் சிந்தனை

அம்பேத்கரின் கல்விச் சிந்தனை பெரும்பாலும் பள்ளி நுழைவுரிமை, இடஒதுக்கீடு ஆகியவற்றை முன்னிறுத்தியே ஆராயப்படுகிறது. கல்வியில் சேர்ந்தவர் அதனை நிறைவுசெய்யும்வரை நிலைத்திருத்தல் என்பதும் அதற்கு இணையாக அவர் வலியுறுத்திய சமூகநீதிக் கூறாகும்.

1891 ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் நகரில் மகர் சமூகத்தில் பிறந்த அவர், பள்ளியில் சேர்க்கப்பட்ட பின்னும் வகுப்பறையில் தனித்து அமர்த்தப்பட்டார். பரோடா மன்னர் சாயாஜிராவ் வழங்கிய உதவித்தொகையால் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் லண்டனில் தொடங்கிய கல்வி, உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் தடைப்பட்டது. பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிய பின், 1920இல் மீண்டும் லண்டன் சென்று அதனை நிறைவுசெய்தார்.

1924இல் அவர் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, அடுத்த ஆண்டு சோலாப்பூரில் மாணவர் விடுதியைத் தொடங்கியது. 1927 மார்ச்சில் பம்பாய்ச் சட்டசபையில் கல்வி மானியம் குறித்து உரையாற்றியபோது, தொடக்கப்பள்ளியில் சேரும் 100 குழந்தைகளுள் 18 பேரே நான்காம் வகுப்பை எட்டுவதையும் எஞ்சிய 82 பேர் எழுத்தறியாமைக்கே மீள்வதையும் எடுத்துரைத்தார். வாழ்நாள் முழுதும் நீடிக்கும் எழுத்தறிவைப் பெற்ற பின்னரே குழந்தை பள்ளியை விட்டு வெளியேற வேண்டும் என்பதும், அடித்தட்டு மக்களுக்கு உயர்கல்வி இயன்றவரை குறைந்த செலவில் கிடைக்க வேண்டும் என்பதும் அவ்வுரையின் கோரிக்கைகள்.

இக்கருத்தின் வளர்ச்சி அரசியல் நிர்ணய சபையிலும் புலப்படுகிறது. கட்டாயக் கல்வியைத் தொடக்கக் கல்வியளவில் வரையறுக்க வேண்டும் என்னும் திருத்தத்தை 1948 நவம்பரில் அவர் ஏற்கவில்லை. 14 வயதுக்குட்பட்டோரைப் பணியில் அமர்த்துவதற்குத் தடை விதிக்கப்படுவதால், அவ்வயதுவரை குழந்தை கல்விக்கூடத்தில் இருத்தல் வேண்டும் என்பது அவர் வாதம். குழந்தை உழைப்பையும் இடைநிற்றலையும் ஒரே சிக்கலின் இரு கூறுகளாக அவர் கண்டமை இதனால் தெளிவாகிறது.

1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவிய அவர், அதன்வழி 1946இல் பம்பாயில் சித்தார்த்தர் கல்லூரியையும் 1950இல் ஔரங்காபாத்தில் மற்றொரு கல்லூரியையும் தொடங்கினார். 1956 டிசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்தார்.

எனினும், 14 வயதுவரையிலான கல்வி அரசுக்கான வழிகாட்டு நெறியாகவே அரசியலமைப்பில் இடம்பெற்றது; நீதிமன்றத்தின்வழி கோரத்தக்க உரிமையாக அமையவில்லை. 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு அது அடிப்படை உரிமையாவதற்கு 2002ஆம் ஆண்டின் 86ஆம் திருத்தம் தேவைப்பட்டது. ஆகவே, அவர்தம் கல்விக் கொள்கையின் செயலாக்கத்தை மதிப்பிட முற்படுவோர் சேர்க்கை விழுக்காட்டுடன், கல்வியை முடித்து வெளியேறுவோர் எண்ணிக்கையையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.