டோனாவூர் அம்மா

இராசபாளையத்திலிருந்து மலையடிவாரமாகவே தெற்கு நோக்கிச் சென்றால், களக்காட்டை அடுத்து டோனாவூர் என்னும் சிற்றூர் வரும். அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் ஓரிடத்தில் நினைவுக் கல் இல்லை. பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றே உள்ளது. அதில் பொறிக்கப்பட்டிருப்பது அம்மா என்ற ஒரே சொல். அந்தச் சொல்லுக்குரியவர் தமிழ்நாட்டில் பிறந்தவரல்லர்.

எமி கார்மைக்கேல் அம்மையார் 1867 டிசம்பர் 16 அன்று அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரில் பிறந்தார். சமயப் பணியை மேற்கொண்டு 1893இல் சப்பான் சென்றார். அங்கே நோயுற்ற மூதாட்டி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்த மூதாட்டியின் கவனம் அம்மையார் குளிருக்கு அணிந்திருந்த கையுறையின் மேல் சென்றுவிட்டது. உடை தம் சொல்லுக்குத் தடையாவதை அன்று உணர்ந்த அவர், ஆங்கில உடையைக் களைந்து கிமோனோ அணிந்தார். உடல்நலக் குறைவால் சப்பானில் நெடுநாள் தங்க இயலவில்லை.

1895இல் இந்தியா வந்தார். பின்னர் நெல்லைச் சீமையில் வாக்கர் என்னும் சமயத் தொண்டரின் துணையுடன் தமிழ் பயின்று, தமிழ்ப் பெண்கள் குழுவோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்றார். புடவை உடுத்தினார். சிறு வயதில் நீலக் கண்கள் வேண்டுமென்று இறைவனை வேண்டியும் கிடைக்காத அவருக்கு, கோயிற்புறங்களில் காப்பிச் சாயம் பூசிய மேனியோடு மாறுவேடத்தில் நடமாடியபோது அந்தப் பழுப்பு விழிகளே துணையாயின.

1901 மார்ச்சில் கோயிற்பணிக்கென விடப்பட்ட ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதுமுதல் அவர் வாழ்வு வேறு வழியிற் சென்றது. 1913 அளவில் டோனாவூரில் நூற்று முப்பது பெண் குழந்தைகள் வளர்ந்தனர். 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர்.

ஆயினும் புடவை மட்டும் அவரை ஊராராக்கிவிடவில்லை. பிள்ளை பிடிக்கும் அம்மாள் என்ற பழி எழுந்தது. வழக்கு மன்றம் வரை எதிர்ப்பு வந்தது. அவர் எழுத்துகள் மிகையென ஆங்கிலேயரிலும் சிலர் குறை கூறினர். சமயம் மாற்றுவதே நோக்கம் என்ற ஐயமும் நீங்கவில்லை. அவரும் தம் சமய நோக்கத்தை மறைத்ததில்லை. எதிர்ப்புக்கு அவர் தந்த விடை ஊரை விட்டுப் போகாமல் இருந்ததேயாகும். 1895க்குப் பின் தாய்நாட்டை மீண்டும் காணவில்லை. அவரோடு உழைத்த வெளிநாட்டாரும் தமிழரும் ஒரே வகை உடையுடன், ஊதியமின்றி, ஒரு குடும்பமாகவே வாழ்ந்தனர்.

1931 அக்டோபரில் களக்காட்டில் குழியொன்றில் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழிந்தன. அங்கிருந்தபடியே நூல்கள் எழுதினார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் 1947இல் சென்னை மாகாணச் சட்டத்தால் தடை செய்யப்பட்டதைக் கண்ட பின், 1951 சனவரி 18 அன்று மறைந்தார்.

வேற்று நாட்டில் தொண்டு செய்யச் செல்வோர் முதலில் மாற்றுவது உடையை, பின்பு மொழியை. அவை இரண்டும் வாயிலைத் திறக்கும். உள்ளே உறவாக்குவது ஆண்டுக்கணக்கில் உடனிருத்தலே. அதற்குச் சான்றாகவே அந்த ஒற்றைச் சொல் டோனாவூரில் நிலைத்திருக்கிறது.